யாருக்கும் சளி பிடிக்காத நோட்டு

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்றே உங்கள் கையில் ஒரு நோட்டைக் கொடுத்திருப்பார்கள். மாணவன் பெயர், எடை, தூக்கம், சாப்பாடு, உடம்புக்கு என்ன என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்ட நோட்டு. விமானம் ஓட்டப் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நர்சுக்கு இந்த நோட்டுதான் எல்லாம் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், கொஞ்சம் பொறுங்கள். நானும் அப்படி நம்பினவள்தான். அந்த நம்பிக்கையால் ஒரு பையனைக் கொன்றிருப்பேன். நல்லவேளை, அவன் என்னைவிடப் புத்திசாலியாக இருந்தான்.

அறுபதுகளின் தொடக்கம். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி. பட்டப் படிப்போடு விமானம் ஓட்டவும் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு பேர் உட்காரும் ஒரு சின்ன விமானம், ஊருக்கு வெளியே ஒரு மண் ஓடுதளம், பன்னிரண்டு பையன்கள். சித்திரை வெயிலில் அந்தத் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து பாடம் படிக்க முடியாது. அதனால் கோடையில் ஆறு வாரம் கொடைக்கானலில் ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்து வானிலை, வரைபடம், எஞ்சின் எல்லாம் அங்கே நடத்துவார்கள். மலையிலிருந்து இறங்கியதும், பையன்கள் ஒவ்வொருவராக முதல்முறை தனியாகப் பறக்க வேண்டும். அதுவரை பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அந்த இருக்கை காலி.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஆஸ்பத்திரி வேலையை விட்டு வந்த கையோடு, "நீங்கதான் நர்சு, நீங்கதான் வார்டன்" என்று சொல்லி மலைக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் பன்னிரண்டு பேரையும் இரும்பாக்கித்தான் இறக்குவேன் என்று சபதம் எடுத்துக்கொண்டேன்.

காலை ஐந்தரைக்கு எழுப்புவேன். பனி மூட்டத்தில் ஏரியைச் சுற்றி மூன்று மைல் ஓட்டம். வந்ததும் கேழ்வரகுக் கஞ்சி. பக்கத்து வில்பட்டியிலிருந்து வரும் காரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் மூன்று வேளையும் தட்டில் இருக்கும். சிகரெட் கூடாது. நாலு மணிக்கு மேல் காபி கூடாது. ஒன்பதுக்கு விளக்கு அணைய வேண்டும். பஜாரில் போண்டா வாசனை பிடித்து எவனாவது நின்றால், அடுத்த நாள் அவனுக்கு நாலு மைல். என்னைப் பார்த்தால் பையன்கள் சுவரோடு சுவராக ஒதுங்குவார்கள். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை எடை பார்ப்பேன். அதற்குத் தராசு ஏது? பஜாரில் எங்களுக்கு மளிகையும் காய்கறியும் கொடுத்துக்கொண்டிருந்த காசிம் ராவுத்தர், உருளைக்கிழங்கு மூட்டை போடும் பழைய தராசு ஒன்றைக் கொடுத்தார். அந்தப் பலகையில் பையன்கள் ஏறி உட்கார்வார்கள். எதிர்த் தட்டில் எடைக்கல். "சிஸ்டர், இன்னைக்கு மூட்டை என்ன விலைக்குப் போகுது?" என்று கிண்டல் செய்வார்கள். ஒரு வாரம், இருப்பதிலேயே ஒல்லியான பையன் எடை கூடியிருந்தான். எனக்குச் சந்தேகம். கால்சட்டைப் பையைத் தட்டினேன். இரண்டு கூழாங்கல். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திருட்டைக் கண்டுபிடித்த பெருமையில் நானும் சிரித்தேன். இவன் ஏன் கல்லைப் போட்டுக்கொண்டு வந்தான் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால், மற்றதெல்லாம் நடந்திருக்காது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் வார முடிவில் நானே ஒரு விதி போட்டேன். ஆறு வாரமும் நோட்டில் "உடம்புக்கு என்ன" என்ற கட்டம் யாருக்குக் காலியாக இருக்கிறதோ, அவன் முதலில் தனியாகப் பறப்பான். ஒரு தும்மல், ஒரு வயிற்றுவலி ஏறினாலும் வரிசையில் பின்னால் போகவேண்டும். ஆரோக்கியத்துக்குப் பரிசு! இதைவிட நல்ல யோசனை உலகத்தில் உண்டா என்று எனக்கு ஒரே மிதப்பு.

விதி வந்த அன்றிலிருந்து என் அறை வாசலுக்கு ஒருத்தன்கூட வரவில்லை. ஐந்து வாரம். ஒரு இருமல் மாத்திரைகூடச் செலவாகவில்லை. கல்லூரி முதல்வருக்கு நானே கடிதம் எழுதினேன்: ஒழுங்கான பழக்கவழக்கத்தால் ஐந்து வாரமாக ஒரு மாணவனுக்குக்கூடச் சளி பிடிக்கவில்லை. அவர் அதைக் கூட்டத்தில் வாசித்ததாகப் பதில் வந்தது. அந்தப் பதிலை நான் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

பறக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியரை நாங்கள் எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். யுத்த காலத்தில் விமானம் ஓட்டியவர். பேச்சு குறைவு. அவரிடம் ஒரு பழக்கம் இருந்ததாகப் பையன்கள் சொல்வார்கள். விமானத்தில் ஏறும் முன் ஒவ்வொரு பையனிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இன்னைக்கு வேணாம்னு இருக்கா?" ஆமாம் என்றால், "சரி, போய் உக்காரு." அவ்வளவுதான். ஏன் என்று கேட்க மாட்டார். யாரிடமும் சொல்ல மாட்டார். அவனுக்குத் தோதுப்படும் நாளில் அவனையே முதலில் கூப்பிடுவார். இப்படி இடம் கொடுத்தால் பையன்கள் உருப்பட்டாற்போலத்தான் என்று நான் என் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஐந்தாம் வாரம் அவர் மலைக்கு வந்திருந்தார். நோட்டை எடுத்துக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மூடி என்னிடம் கொடுத்தார்.

"நோட்டு ரொம்பச் சுத்தமா இருக்குங்க சிஸ்டர்."

"ஆமாங்க மாஸ்டர்."

"பன்னெண்டு பசங்க, அஞ்சு வாரம், இந்தக் குளிரு. எனக்கு இதைப் பாத்தா ராத்திரி தூக்கம் வராது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வேலை பார்க்காமல் இருந்தாலும் திட்டுகிறார்கள், பார்த்தாலும் குறை சொல்கிறார்கள் என்று இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அந்தப் பன்னிரண்டு பேரில் என் செல்லப் பிள்ளை குருசாமி. கன்னிவாடிப் பையன். அவன் அப்பா அங்கே விவசாயம் பார்த்தார். ஆளும் உயரம், குரலும் உயரம். ஓட்டத்தின்போது முன்னால் ஓடிக்கொண்டே "ஒண்ணு, ரெண்டு" என்று அவன் எண்ணினால், ஏரிக்கு அந்தக் கரையில் இருக்கிறவன்கூடக் கால் மாற்றிப் போடுவான். ஆறு வாரமும் அவன் கட்டம் காலி. முதலில் பறக்கப்போவது அவன்தான் என்று முடிவாகிவிட்டது. அவன் அப்பா அதைப் பார்க்க ஓடுதளத்துக்கே வருவதாகக் கடிதம் போட்டிருந்தார்.

கடைசி நாலைந்து நாள் குருசாமி வாய்விட்டு எண்ணவில்லை. பரீட்சைப் படிப்பில் பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை. கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். எல்லாம் கண் முன்னால் நடந்தது. நர்சுப் படிப்புப் படித்த எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலை பஸ்ஸில் பையன்கள் இறங்கிவிட்டார்கள். பங்களாவை ஒப்படைக்க நான் ஒரு நாள் பின்தங்கினேன். வியாழன் காலை ஒன்பது மணிக்குத் தராசைக் கூலியாள் தலையில் ஏற்றிக்கொண்டு ராவுத்தர் கடைக்குப் போனேன். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, காற்று அடங்கியதும், குருசாமி பறக்கவேண்டும்.

"வாங்க சிஸ்டரம்மா. பிள்ளைக எல்லாம் நல்லபடியா எறங்கிட்டாங்களா?"

"எறங்கிட்டாங்க பாய். இன்னைக்குச் சாயந்தரம் குருசாமி தனியாப் பறக்குறான்."

ராவுத்தர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "நெட்டைத் தம்பியா? காது சரியாப் போச்சுங்களா?"

"எந்தக் காது?"

"அஞ்சு நாளாத் தைலம் வாங்கிட்டுப் போனாப்லயே. மூக்கு அடைச்சிருக்கு, எடது காதுக்குள்ள குத்துதுன்னாப்ல. பூண்டைத் தட்டிப் பால்ல போட்டுக் குடிக்கச் சொன்னேன். சிஸ்டரம்மாவுக்குத் தெரியுமில்லன்னு கேட்டேன். தெரியும்னு தலையை ஆட்டுனாப்ல."

யூகலிப்டஸ் தைல வாசனை அந்தப் பங்களா முழுக்க இருந்தது. கொடைக்கானலில் எந்த வீட்டில்தான் அந்த வாசனை இல்லை? நான் அதைக் காற்றோடு காற்றாக மூச்சில் இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மூக்குக்கும் காதுக்கும் நடுவில் ஒரு சின்ன வழி இருக்கிறது. சளி கட்டினால் அது அடைத்துக்கொள்ளும். மேலே ஏறும்போது பெரிதாகத் தெரியாது. இறங்கும்போதுதான் வினை. வெளிக்காற்று காதை உள்ளே அழுத்தும், வழி திறக்காது. வலி உயிர் போகும். சில பேருக்குத் தலை சுற்றும், மேல் எது கீழ் எது என்று தெரியாது. தரையில் என்றால் பிடித்துக்கொண்டு உட்காரலாம். பக்கத்து இருக்கை காலியாக இருக்கும் விமானத்தில் யாரைப் பிடித்துக்கொள்வது?

தபாலாபீசுக்கு ஓடினேன். கல்லூரிக்கு டிரங்க் கால் கேட்டேன். அங்கே இருந்தவர் கையை விரித்தார். "முந்தாநாள் மழையில கீழ மரம் விழுந்து கம்பி அறுந்து கெடக்குங்க. போனும் போகாது, தந்தியும் போகாது. மத்தியானத்துக்கு மேல சரியானாலும் ஆகலாம், ஆகாட்டியும் போகலாம்."

வெளியே வந்து எதிர்க் கடையில் ஒரு டீ வாங்கினேன். இதையும் சொல்லவேண்டும். அந்த டீயைக் குடிக்கும்போது நான் பையனைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. முதல்வர் கூட்டத்தில் வாசித்த என் கடிதத்தைப் பற்றியும் யோசித்தேன். ஒருவேளை அவனுக்கு இதற்குள் சரியாகியிருக்கலாம். ஒருவேளை பாய் பெரிதுபடுத்துகிறார். மத்தியானம் லைன் வந்துவிடும். நாமாகப் போய் ஏன் நம் முகத்தில் கரி பூசிக்கொள்ளவேண்டும்? ஒரு கிளாஸ் டீ முழுக்க இப்படித்தான் போனது. இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஒரு கிளாஸ் டீக்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கும் அப்படி ஒரு டீ வரும். சீக்கிரம் குடித்துவிட்டு எழுந்திருங்கள்.

கிளாஸை வைத்துவிட்டு மறுபடி ராவுத்தர் கடைக்கு ஓடினேன். "பாய், அடுத்த பஸ் எப்ப?"

"பஸ்ஸு பதினொன்னரைக்குத்தான். அதுல போனா நேரத்துக்குச் சேர மாட்டீங்க." அவர் தெருவைப் பார்த்தார். "அந்தா நிக்குது பாருங்க, பூம்பாறைப் பூண்டு லாரி. வத்தலக்குண்டு போகுது. டிரைவர் நமக்கு வேண்டியவருதான். ஏறுங்க, நான் சொல்றேன்."

டிரைவர் பூம்பாறைக்காரர். பூண்டும் காய்கறியும் போட்டு வளர்த்த குடும்பம், அவர் மட்டும் வண்டிக்கு வந்துவிட்டவர். நர்சு உடுப்போடு ஒரு பெண் பூண்டு லாரியில் ஏறுவதைப் பார்த்து, துண்டால் சீட்டைத் தட்டிவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். வண்டியை எடுத்தார்.

நாலு வளைவு தாண்டவில்லை, எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, கொஞ்சம் வெரசாப் போகலாமா?"

"வெரசாப் போறது ஒரு சோலியே இல்லீங்க சிஸ்டர். வளைவுல நிக்கணும்ல, அதுதான் சோலி. பிரேக்கு சூடேறிப்போச்சுன்னா அப்புறம் நம்ம பேச்சைக் கேக்காது."

பெருமாள்மலை தாண்டியதும் என் காது அடைத்தது. எச்சிலை விழுங்கினேன், திறந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கினோம், மறுபடி அடைத்தது. இந்த ரோட்டில் எத்தனையோ தடவை போய்வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒவ்வொரு அடைப்பையும் எண்ணினேன். நேற்று இதே ரோட்டில் குருசாமி மூக்கடைத்துக்கொண்டு இறங்கியிருப்பான் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "காது அடைக்குதுங்களா? கொட்டாவி விடுங்க, சரியாப் போயிரும். சளி இருந்தாத்தான் கஷ்டம். போன மார்கழியில சளியோட வண்டியை எறக்குனேன். பாதி மலை வரலீங்க, காதுக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி ஆயிப்போச்சு. தலை கிர்ருனு சுத்துது. வண்டியை ஓரங்கட்டிட்டு ஒரு மணி நேரம் படுத்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஓரங்கட்ட எடம் இருந்துச்சு, பொழைச்சேன்."

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த வளைவைப் பார்த்தார். வானத்தில் எங்கே ஓரங்கட்டுவது?

வத்தலக்குண்டில் இறங்கும்போது ஒன்றரை. அங்கேயும் தபாலாபீசில் கேட்டேன். மதுரை லைன் கிடைத்தது, ஆனால் கல்லூரியில் யாரும் எடுக்கவில்லை. எல்லாரும் ஓடுதளத்துக்குப் போயிருப்பார்கள், அங்கே போன் கிடையாது. மதுரைக்குப் பஸ் பிடித்தேன். சோழவந்தான் பக்கம் ஒரு மாட்டு மந்தை, அது கடக்கும்வரை பஸ் நின்றது. நான் எழுந்து நின்றேன். நான் எழுந்து நின்றால் மாடு வேகமாகப் போகுமா? கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மதுரையில் இறங்கி ஜட்கா வண்டி பிடிக்கும்போது மணி நாலேகால். வெயில் மண்டையைப் பிளந்தது. உடுப்பெல்லாம் பூண்டு நாற்றம். வண்டிக்காரரிடம் "போங்க, போங்க" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொன்ன ஞாபகம் இல்லை. ஐந்து மணி ஆகிச் சில நிமிடம் இருக்கும், ஓடுதளத்து முள்வேலி கண்ணுக்குத் தெரிந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

விமானம் மேலே இருந்தது.

வண்டியிலிருந்து குதித்து ஓடினேன். செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. கொட்டகைப் பக்கம் ஆட்கள் நிற்பது தெரிகிறது, முகம் தெரியவில்லை. விமானம் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கத் திரும்பியது. நான் நின்றுவிட்டேன். ஓடி என்ன செய்யப்போகிறேன்? கையை ஆட்டினால் அவன் காதுவலி போய்விடுமா? வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். கூடவே இதுவும் சொன்னேன்: அந்த நோட்டை நான் எரித்துவிடுகிறேன், அவனை மட்டும் இறக்கிவிடு.

விமானம் ஒருபக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, சக்கரம் தரையைத் தொட்டு ஒருமுறை எகிறியது. பிறகு ஓடி நின்றது. கதவு திறந்து ஒருவன் குதித்தான். குள்ளமான பையன். வரிசையில் இரண்டாவதாக இருந்தவன்.

அப்படியானால் குருசாமி எங்கே? கொட்டகை நிழலில் ஒரு பெஞ்சு. மதுரை வெயிலில், கழுத்தையும் காதையும் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு, குருசாமி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அப்பா, மடியில் ஒரு துணிப்பை.

போன உயிர் திரும்பி வந்தது என்று சும்மா பேச்சுக்குச் சொல்வோம். அன்றைக்கு அது எனக்கு நிஜமாகவே வந்தது. பெஞ்சுக்கு ஓடினேன். அங்கே தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவன் அப்பா பதறிப்போய்த் துணிப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

அழுகை நின்றதும் கேட்டேன். "காது எத்தனை நாளா வலிக்குது?"

"ஒரு வாரமாங்க சிஸ்டர். நேத்து பஸ்ல வர்றப்ப ரொம்ப முடியல."

"தெனமும் காலையில உன் பேரைச் சொல்லி, உடம்புக்கு எப்படி இருக்குன்னு கேட்டேனே. ஒரு வார்த்தை சொல்லலையே?"

அவன் மப்ளரின் நுனியைத் திருகினான். "உங்ககிட்டச் சொன்னா நோட்டுல ஏறிருமேங்க."

"மாஸ்டர்கிட்ட மட்டும் எப்படிச் சொன்ன?"

"அவரு, வேணாம்னு இருக்கான்னு கேட்டாருங்க. ஆமான்னுட்டேன்." கொஞ்சம் தயங்கினான். "அவரு கையில நோட்டு இல்லீங்களே."

என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவன் என்னைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கேட்டேன், சொன்னான்.

அவன் அப்பா இதற்கெல்லாம் நடுவில் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவனைத் திட்டுகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். மகன் முதுகைத் தட்டினார். "விடுலே. இதுக்குப் போயி மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு. இன்னைக்கு இல்லாட்டி இன்னொரு நாளு. வானம் அங்கனயேதான் கெடக்கு, எங்கிட்டும் போயிராது."

மாஸ்டர் வந்தார். என் ஒற்றைச் செருப்பையும், உடுப்பில் ஒட்டியிருந்த பூண்டுச் சருகையும் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். விதியை, தைலத்தை, அறுந்த கம்பியை, அந்த டீயையும் சேர்த்துத்தான் சொன்னேன். நான்தான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வந்தால் நான் அன்றே வேலையை விட்டுப் போயிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"வந்துட்டீங்கல்ல," என்றார். "போய் அந்தச் செருப்பைத் தேடுங்க, மண்ணு சுடுது."

அன்று சாயங்காலம் டாக்டர் குருசாமியின் காதைப் பார்த்தார். சிவந்து வீங்கியிருந்தது, கிழியவில்லை. சளி முழுக்கப் போகும்வரை பறக்கக்கூடாது, பத்து நாள் ஆகலாம் என்றார். பத்து நாள்தானே என்று எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

நோட்டை எரிப்பதாகச் சாமியிடம் சொல்லியிருந்தேன் அல்லவா? எரிக்கவில்லை. சாமி மன்னிக்கட்டும், அது கல்லூரிச் சொத்து. அடுத்த நாள் காலை பன்னிரண்டு பேரையும் நிற்கவைத்து இரண்டே விஷயம் சொன்னேன். நான் போட்ட விதி தப்பு. இனிமேல், உடம்புக்கு ஏதாவது இருந்து தானாக வந்து சொல்கிறவனின் முறை அவனுக்காகக் காத்திருக்கும், யாரும் முந்த முடியாது.

பன்னிரண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டுக் கலைந்தார்கள். சரி, இவர்கள் இனி என்னை எங்கே நம்பப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அறைக்குள் வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவோரம் ஒரு நிழல். கூழாங்கல் பையன். தினமும் காலை ஓடி வந்ததும் குடித்த கஞ்சியைப் பின்பக்கம் போய் வாந்தியெடுத்திருக்கிறான், மூன்றாவது வாரத்திலிருந்து. எடை இறங்கினால் கண்டுபிடித்துவிடுவேன் என்றுதான் கல். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன், ஷூ கடித்துக் குதிகாலில் சீழ். அவனுக்குப் பின்னால் பல்வலி. எட்டிப் பார்த்தேன். வராந்தா முழுக்க வரிசை. பன்னிரண்டில் ஏழு பேர். நான் இரும்பாக்கி இறக்கிய பிள்ளைகள்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பையன்கள் முதலில் பயந்தார்கள், பிறகு அவர்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவனாக உட்காரவைத்துப் பார்த்தேன், எழுதினேன். ஓட்டத்தைக் குறைத்தேன். கஞ்சி ஒத்துக்கொள்ளாதவனுக்கு இட்லி. ஒரு வாரத்தில் நோட்டு கறை பிடித்து, அடித்தல் திருத்தலோடு, பார்க்கச் சகிக்காமல் ஆனது. முதல்வருக்கு உண்மையை எழுதிப்போட்டேன். கூப்பிட்டு அரைமணி நேரம் திட்டினார். அந்த அரைமணி நேரமும் எனக்குக் குருசாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததுதான் ஞாபகத்தில் இருந்தது, அதனால் திட்டு அவ்வளவாக உறைக்கவில்லை.

ஓடச் சொல்லுங்கள், காய்கறி சாப்பிடச் சொல்லுங்கள், வேளையோடு தூங்கச் சொல்லுங்கள். அதெல்லாம் வேண்டியதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உடம்பு சரியில்லை என்று சொல்கிறவன் எதையாவது இழக்கவேண்டும் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். இழக்க வைத்தால் அவன் சொல்ல மாட்டான், உங்கள் நோட்டு சுத்தமாக இருக்கும்.

பதினோராவது நாள், சாயங்காலம் ஐந்து மணி. குருசாமியின் அப்பா மறுபடி கன்னிவாடியிலிருந்து வெள்ளனே கிளம்பி வந்து, அதே பெஞ்சில் அதே துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். குருசாமி விமானத்தின் பக்கத்தில் நின்றான். மப்ளர் இல்லை. மாஸ்டர் போனார்.

"இன்னைக்கு வேணாம்னு இருக்கா?"

"இல்லீங்க மாஸ்டர். நல்லா இருக்கேன்," என்றான் குருசாமி. ஓடுதளத்தின் அந்தக் கோடி வரை கேட்கும் அவனுடைய பழைய குரல்.

ஆறு வாரம், தினமும் காலையில், பன்னிரண்டு பேர் என்னிடம் அதையே சொன்னார்கள். நானும் எழுதிக்கொண்டேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அதை ஒருத்தன் சொல்லி நான் நம்பினேன். விமானம் ஏறியது. நான் கம்பத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவன் அப்பா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் கொடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டு, அது இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.